தோலில் படியும் கொழுப்பும் தோலுக்கு வேண்டிய கொழுப்பும்

நடுவயதைத் தொட்ட சிலருக்குக் கண்ணிமையின் உட்கோணத்தில், மூக்கை ஒட்டினாற்போல், வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு தட்டையான திட்டு தோன்றும். அது வலிப்பதில்லை, அரிப்பதுமில்லை. உடல்சூடு என்று வீட்டில் யாராவது சொல்வார்கள்; தெரிந்தவர் ஒருவர் களிம்பு ஒன்றைப் பரிந்துரைப்பார். மருத்துவர்கள் சாந்தெலாஸ்மா என்றழைக்கும் அத்திட்டு, கொலஸ்டிராலை வயிறுமுட்ட விழுங்கிய உயிரணுக்களின் கூட்டமாகும். மறுபுறம், சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஓர் ஆய்வு ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு எக்ஸிமா என்னும் அரிப்புடன் கூடிய தோல் அழற்சி இருப்பதாகக் கண்டது. அந்நோயில் தோலுக்குச் சிக்கலாக இருப்பது கொழுப்பின் மிகுதியன்று, குறைவு. இவ்விரண்டும் கொழுப்பைச் சார்ந்த தோல் நிலைகளே என்றாலும், முன்னதற்குக் காரணம் இரத்தத்தில் ஓடும் கொழுப்பு, பின்னதற்குக் காரணம் தோல் தன் தேவைக்குத் தானே உண்டாக்கிக்கொள்ளும் கொழுப்பு. இந்த வேறுபாடு விளங்காமற்போவதால்தான் எக்ஸிமா உள்ள குழந்தைக்கு நெய்யை நிறுத்துகிறவர்களும், இமைத் திட்டுக்குக் களிம்பு தடவிக்கொண்டு இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

முதலில் இரத்தக் கொழுப்பைப் பார்ப்போம். ரசத்தில் தாளித்துக் கொட்டிய எண்ணெய் மேலே மிதப்பதுபோல், கொழுப்பு நீர்மமான இரத்தத்தில் தானாகக் கரையாது. ஆகவே உடல் அதைப் புரதத்தோடு சேர்த்துச் சிறுசிறு துகள்களாக்கி அனுப்புகிறது. உணவிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் வரும் டிரைகிளிசரைடு என்னும் எரிபொருட் கொழுப்பைப் பெரிய துகள்கள் சுமக்கின்றன. அவற்றில் கல்லீரலிலிருந்து வருபவை தம் சுமையை இறக்கியபின் எஞ்சும், கொலஸ்டிரால் மிகுந்த சிறிய துகளே எல்டிஎல். எச்டிஎல் என்பது திசுக்களில் மிகையாக உள்ள கொலஸ்டிராலை வாங்கிக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்வதில் பங்குகொள்ளும் துகள். கொலஸ்டிரால் நஞ்சன்று, ஒவ்வோர் உயிரணுவின் சவ்வுக்கும், பல ஹார்மோன்களுக்கும், பித்தநீருக்கும் அது மூலப்பொருள். எல்டிஎல் துகள்கள் அளவுக்கு மிஞ்சி நெடுங்காலம் இரத்தத்தில் சுற்றிவரும்போதுதான் கேடு தொடங்குகிறது.

அப்படிச் சுற்றும் துகள்களிற் சில இரத்தக் குழாயின் சுவரைத் தாண்டி உள்ளே புகுந்து தங்கி, அங்கே வேதிமாற்றம் அடைகின்றன. உடலின் துப்புரவுப் பணியைச் செய்யும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. சாதாரண உயிரணு தனக்குப் போதுமான கொலஸ்டிரால் கிடைத்ததும் உள்ளே வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். மாற்றமடைந்த எல்டிஎல்லைப் பொறுத்தவரை மேக்ரோஃபேஜுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விழுங்கி விழுங்கி, நுண்ணோக்கியில் நுரை நிரம்பியதுபோல் தோற்றமளிப்பதால் இவற்றை நுரையணுக்கள் என்கிறார்கள். இதயத் தமனியின் சுவரில் இவை திரண்டால் அது அடைப்புக்கு அடித்தளம். இமைத்தோலிலோ, குதிகாலின் தசைநாரிலோ, முழங்கையிலோ திரண்டால் அது சாந்தோமா எனப்படும் மஞ்சள் படிவு. இமையில் வரும் சாந்தெலாஸ்மா அதன் ஒரு வகை. இரண்டு இடங்களிலும் நடப்பது ஏறக்குறைய ஒரே செயல்தான். ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது, மற்றொன்று தெரிவதில்லை.

இந்த ஒப்புமை வெறும் ஊகமன்று என்பதைக் கோப்பன்ஹேகன் நகரில் நடந்த ஒரு நெடுங்கால ஆய்வு காட்டியது. 1976 முதல் 1978 வரையிலான காலத்தில் பரிசோதிக்கப்பட்ட 12,745 பேரை ஆய்வாளர்கள் 2009 வரை தொடர்ந்து கவனித்தார்கள். தொடக்கத்தில் அவர்களில் 4.4 விழுக்காட்டினருக்கு இமைத் திட்டு இருந்தது. கொலஸ்டிரால் அளவு, புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்தபின்னும், திட்டு உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 48 விழுக்காடு கூடுதலாக இருந்ததாக 2011இல் முடிவுகள் வெளியாயின. கருவிழியைச் சுற்றித் தோன்றும் சாம்பல்வெண் வளையத்துக்கு அவ்வாறு தனித்த தொடர்பு தென்படவில்லை. முதியவர்களுக்கு அவ்வளையம் இயல்பாகவே வரும். 45 வயதுக்கு முன்பே வந்தால் மட்டும் அதைப் பொருட்படுத்த வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இமைத் திட்டு உள்ளவர்களிற் பாதிப்பேருக்கு இரத்தக் கொழுப்பின் அளவு வழக்கமான எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே திட்டைக் கண்டதும் நோய் உறுதி என்று அஞ்ச வேண்டியதில்லை. பரிசோதனையைத் தவிர்ப்பதற்கும் காரணமில்லை. லேசர், அமிலப் பூச்சு, சிறு அறுவை ஆகியவற்றால் திட்டை அகற்றலாம் என்றாலும் அது மீண்டும் வருவது உண்டு. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சிகிச்சை செய்த இடம் கறுத்தோ வெளுத்தோ போகக்கூடும் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இரத்த முடிவு கைக்கு வருமுன் அழகுக்காக அதை அழித்துவிடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். மருத்துவர் கண்ணிற் படவேண்டிய ஒரு தடயம் அதனால் மறைந்துபோகிறது.

தசைநாரில் வரும் படிவு இதைவிடப் பொருள் பொதிந்தது. குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலிஸ் தசைநார் தடித்துக் கட்டியாவதும், கைவிரல் மூட்டுகளின் புறத்தே நாரில் கடினமான முண்டுகள் எழுவதும் மரபுவழி உயர் கொலஸ்டிரால் என்னும் பரம்பரை நிலையின் அடையாளங்கள். நார்வே மருத்துவர் கார்ல் முல்லர் 1938இல், சில குடும்பங்களில் தசைநார்ப் படிவும் உயர்ந்த கொலஸ்டிராலும் இளவயது இதயநோயும் சேர்ந்தே தலைமுறை தலைமுறையாக வருவதைப் பதிவு செய்தார். அந்நிலை உலகில் சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் உள்ளது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 50 வயதுக்குள் இதயத் தமனி நோய்க்கு ஆளாகிறார்கள். உணவுக் கட்டுப்பாட்டினால் மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. ரொட்டி பராட்டாவை அறவே விட்டு, நாள்தோறும் ஓடி, உடலை மெலிதாக வைத்திருக்கும் ஒருவருக்கும் இது இருக்கலாம். அவருக்கு மாரடைப்பு வரும்போது ஊரார் வியப்பதற்குக் காரணமும் அதுவே.

இந்நிலையின் காரணத்தைக் கண்டறிந்த வரலாற்றில் தோலுக்கு நேரடிப் பங்கு உண்டு. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவரும் 1970களின் தொடக்கத்தில் இந்நோயைக் கல்லீரலில் ஆராயாமல், நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்களில் ஆராய்ந்தார்கள். இயல்பான ஒருவரின் தோலணுவுக்கு எல்டிஎல்லைக் கொடுத்தால், அது தானே கொலஸ்டிரால் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையைப் பெற்ற நோயாளியின் தோலணுவோ, எவ்வளவு எல்டிஎல்லைக் கொடுத்தாலும் அறியாததுபோல் தயாரித்துக்கொண்டே இருந்தது. எல்டிஎல்லைப் பற்றி உள்ளிழுக்க வேண்டிய ஏற்பி என்னும் புரதம் அந்த அணுவின் மேற்பரப்பில் இல்லை அல்லது வேலை செய்யவில்லை என்பதே இதன் விளக்கம். ஒரே பெற்றோரிடமிருந்து குறையைப் பெற்றவர்களுக்கு ஏற்பிகள் ஏறத்தாழ பாதியளவே இருந்தன. இரத்தத்தில் எல்டிஎல் தேங்குவதற்குக் காரணம் அதிகமாக உண்பது மட்டுமல்ல, உடல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள இயலாமற்போவதும்தான் என்பது அப்போது புலப்பட்டது. 1985ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது.

இன்று புழக்கத்திலுள்ள மருந்துகளிற் பல இந்த ஏற்பியைச் சுற்றியே இயங்குகின்றன. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளில் தொடங்கிய ஸ்டேட்டின் வகை மருந்துகள், கல்லீரலில் கொலஸ்டிரால் தயாரிப்பைக் குறைக்கின்றன. தட்டுப்பாட்டை உணரும் கல்லீரல் கூடுதல் ஏற்பிகளை வெளியே நிறுத்தி இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. பிசிஎஸ்கே9 என்ற புரதம் அந்த ஏற்பிகளை அழிக்கிறது என்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரியவந்தது. அதைத் தடுக்கும் எவொலோகுமாப், அலிரோகுமாப் ஆகிய ஊசிமருந்துகள் 2015இல் ஒப்புதல் பெற்றன. அவற்றைப் பொதுவாக இரு வாரங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளலாம். அதே புரதம் உருவாவதையே கல்லீரலில் தடுக்கும் இன்க்ளிசிரான், தொடக்கத் தவணைகளுக்குப் பிறகு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை போட்டால் போதும். ஏற்பியே இல்லாதவர்களுக்கு இவை பெரிதும் பயன்படா; ஏற்பியைச் சாராத வேறு வழியில் செயல்படும் எவினாகுமாப் என்ற மருந்து அவர்களுக்காக 2021இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. கொலஸ்டிரால் நெடுநாள் தணிந்திருக்கும்போது தசைநார்ப் படிவு மெல்லச் சுருங்குவதும் உண்டு.

சிங்கப்பூரில் சுகாதார அமைச்சு 2025இன் நடுப்பகுதியில் இந்த மரபுவழி நிலைக்கான தேசிய மரபணுப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. எல்டிஎல் அளவு 5.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருப்பவர்களைப் பலதுறை மருந்தக மருத்துவரோ குடும்ப மருத்துவரோ பரிசோதனைக்கு அனுப்பலாம். தகுதி பெறுவோருக்கு மானியம் உண்டு. ஒருவரிடம் குறை உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரும் பரிசோதித்துக்கொள்ள ஊக்குவிக்கப்படுகிறார்கள். நம் குடும்பங்களில் இந்தக் கடைசிப் படிதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. பரம்பரை நோய் என்ற பேச்சு வந்ததும், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று மூடிவைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடிய ஒன்றை மறைத்து வைப்பதில் யாருக்கும் நன்மையில்லை.

எண்களைப் படிப்பதில் இங்கு வாழும் தமிழர்களுக்கு ஒரு தனிக் குழப்பமும் உண்டு. ஊருக்குப் போகும்போது சென்னையிலோ திருச்சியிலோ முழு உடற்பரிசோதனை செய்துகொள்கிறவர்கள் பலர். அங்கே முடிவுகள் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். இங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று வரும். கொலஸ்டிராலைப் பொறுத்தவரை இந்திய எண்ணை 38.67ஆல் வகுத்தால் சிங்கப்பூர் எண் கிடைக்கும், ஆக, 5.5 மில்லிமோல் என்பது ஏறத்தாழ 213 மில்லிகிராம். டிரைகிளிசரைடுக்கு வகுக்க வேண்டிய எண் வேறு, அது 88.57. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தி வீணாகப் பதறியவர்களும் உண்டு, வீணாக நிம்மதியடைந்தவர்களும் உண்டு.

டிரைகிளிசரைடு மிகவும் ஏறினால் தோலில் வேறுவிதமான காட்சி தோன்றும். பிட்டம், முதுகு, முழங்கை, முழங்கால் ஆகிய இடங்களில் மஞ்சளும் செம்மையும் கலந்த சிறு கொப்புளங்கள் போன்ற முண்டுகள் சில வாரங்களில் திடீரெனக் கூட்டமாக எழும். இரத்தத்தில் டிரைகிளிசரைடு 11 மில்லிமோலைத் தாண்டியிருக்கும் நிலையில் இது நிகழக்கூடும். எடுத்த இரத்தத்தைச் சற்று நேரம் வைத்தால் மேற்பகுதி பால்போல் வெளுத்திருக்கும். கட்டுக்கடங்காத நீரிழிவு, மிகையான மது, மரபுக் குறை ஆகியவை இதற்குப் பின்னே இருக்கலாம். இது காத்திருக்கக்கூடிய நிலையன்று. உடனடி ஆபத்து இதயத்துக்கு அன்று, கணையத்துக்கு. கணைய அழற்சி உயிரையே பறிக்கும். கைலோமைக்ரான் என்னும் பெரிய கொழுப்புத் துகள்களை உடைக்க இயலாத மிக அரிய பரம்பரை நோயாளிகளுக்கென ஒலெசார்சென் என்ற ஊசிமருந்து 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது, இத்துறையின் அண்மை முன்னேற்றங்களில் ஒன்று.

கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்து வெல்வெட் துணிபோல் ஆவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அழுக்கு என்று நினைத்துக் கடலைமாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்கிறார்கள். பிள்ளைகளைச் சரியாகக் குளிப்பதில்லை என்று திட்டவும் செய்கிறார்கள். அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் எனப்படும் அந்நிலை பெரும்பாலும் இன்சுலின் உடலில் சரிவர வேலை செய்யாததன் வெளிப்பாடு. அதனோடு உயர்ந்த டிரைகிளிசரைடும் தாழ்ந்த எச்டிஎல்லும் சேர்ந்து வருவது தெற்காசியர்களிடம் பரவலாகக் காணப்படும் ஒரு கூட்டு. தேய்த்தால் தோல் புண்ணாகும், கருமை போகாது. எடை குறைந்து இன்சுலின் செயல்பாடு சீரானால் கருமை வெளிறுவதைக் காணலாம்.

அடுத்து சோரியாசிஸ். வெண்செதில்கள் படர்ந்த இத்தோல் அழற்சி, வெளிர்தோலில் செந்நிறமாகவும் நம் தோலில் ஊதா அல்லது சாம்பல் கலந்த பழுப்பாகவும் தெரியும். இதில் கொழுப்பு தோலில் வந்து படிவதில்லை. தொடர்பு வேறுவகைப்பட்டது: தோலைத் தாக்கும் நோயெதிர்ப்புச் செயல்பாடு உடல் முழுவதும் ஓர் ஓயாத அழற்சியை நிலைநிறுத்துகிறது, அது இரத்தக் குழாய்களையும் பாதிக்கிறது, எச்டிஎல் தன் வேலையைச் செய்யும் திறனையும் குறைக்கிறது. பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான சோரியாசிஸ் உள்ள 30 வயது நோயாளிக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே வயதுடைய மற்றவரைக் காட்டிலும் சுமார் மூன்று மடங்கு எனத் தெரிந்தது. இளம்வயதில் மாரடைப்பு அரிது என்பதால் மூன்று மடங்கும் சிறிய எண்ணிக்கைதான் என்பதைச் சேர்த்தே வாசிக்க வேண்டும். 2018இல் வெளியான அமெரிக்க இதய மருத்துவ வழிகாட்டுதல், இதயநோய் அபாயத்தைக் கூட்டும் காரணிகளின் பட்டியலில் சோரியாசிஸையும் தெற்காசிய வம்சாவளியையும் சேர்த்தது. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் இரத்தக் கொழுப்பைப் பரிசோதிப்பதில் அசட்டையாக இருக்கலாகாது.

இதில் எது காரணம், எது விளைவு என்பதைப் பிரித்தறிய அண்மையில் மரபணு முறை பயன்படுகிறது. பிறவியிலேயே ஒரு குறிப்பிட்ட புரதம் குறைவாகச் சுரக்கும் மரபணு மாற்றம் உள்ளவர்களை, அந்த மாற்றம் இல்லாதவர்களோடு ஒப்பிடுவது இம்முறை. மரபணுக்கள் பிறப்பிலேயே அமைந்துவிடுவதால் உணவோ பழக்கமோ அவற்றை மாற்றியிருக்க முடியாது. 2023இல் வெளியான இத்தகைய ஆய்வொன்று, பிசிஎஸ்கே9 புரதம் குறைவாக இயங்கும்வகையில் மரபணு அமைந்தவர்களுக்குச் சோரியாசிஸ் வரும் வாய்ப்பும் குறைவு என்று காட்டியது. ஸ்டேட்டின் தாக்கும் நொதியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. கொலஸ்டிரால் ஊசியைச் சோரியாசிஸுக்குப் போடலாம் என்பது இதன் பொருளன்று. நோயாளிகளிடம் நேரடிச் சோதனை நடத்தத் தக்க ஒரு கருதுகோள் கிடைத்திருக்கிறது, அவ்வளவே. எதிர்த்திசையிலும் எச்சரிக்கை தேவைப்படுகிறது: தோலைச் சீராக்கும் நவீன உயிரியல் மருந்துகளிற் சில, பெருந்தமனியின் அழற்சியைத் தெளிவாகக் குறைத்ததாகச் சோதனைகளில் நிறுவப்படவில்லை.

தோலுக்காக உட்கொள்ளும் மருந்துகளே இரத்தக் கொழுப்பை ஏற்றுவதும் உண்டு. கடும் முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயினும், சோரியாசிஸுக்கான அசிட்ரெட்டினும் டிரைகிளிசரைடைக் கூட்டக்கூடியவை. ஆகவேதான் தோல் மருத்துவர் அவற்றுக்கு முன்னும் இடையிலும் இரத்தம் எடுக்கச் சொல்கிறார்.

தோல் தானே தயாரிக்கும் கொழுப்புக்கு வருவோம். தோலின் மேலடுக்கில் உயிரற்ற தட்டையான அணுக்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலம் ஆகிய மூன்றும் அடுக்கடுக்காக நிரம்பியிருக்கின்றன. உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும், வெளியிலுள்ள ஒவ்வாமைப் பொருள்கள் உள்ளே புகாமலும் காப்பது இக்கலவையே. இதற்கு வேண்டிய கொலஸ்டிராலைத் தோலணுக்கள் பெரும்பாலும் தாமே செய்துகொள்கின்றன. அந்தத் தயாரிப்பைக் குலைத்தால் என்னவாகும் என்பதற்குக் கசப்பான சான்று ஒன்று உண்டு: 1960இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிரைபாரனால் என்ற கொலஸ்டிரால் குறைப்பு மருந்து, தயாரிப்பின் கடைசிப் படியைத் தடுத்ததால், உட்கொண்டவர்களில் சிலருக்குத் தோல் மீன்செதில்போல் உலர்ந்தது, முடி கொட்டியது, கண்புரை வந்தது. 1962இல் அது திரும்பப் பெறப்பட்டது. இன்றைய ஸ்டேட்டின்கள் தொடக்கப் படியில் செயல்படுபவை, பெரும்பாலும் கல்லீரலிலேயே வேலை செய்பவை. அவற்றை அதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எக்ஸிமாவில் இந்தக் காப்புக் கலவை நலிகிறது. மேலடுக்கைக் கட்டியமைக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறை அதற்கு வலுவான காரணங்களுள் ஒன்று என 2006இல் கண்டறியப்பட்டது. ஐரோப்பியரிடம் காணப்படும் ஃபிலாக்ரின் மாற்றங்களும் சிங்கப்பூர்ச் சீனரிடம் காணப்படும் மாற்றங்களும் வேறானவை என்பதை இங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. காப்பு நலிந்திருந்தால் பிறந்தது முதலே எண்ணெய்ப்பசைப் பூச்சு தடவி நோயைத் தடுக்கலாமே என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் எக்ஸிமா வரும் வாய்ப்பு மிகுந்த 1,394 குழந்தைகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2020இல் வெளியான பெரிய சோதனையில், முதல் ஆண்டு முழுவதும் நாள்தோறும் பூசியும் தடுப்புப் பலன் கிட்டவில்லை. நோய் வந்தபின் பூச்சு தேவையானது என்பதில் மாற்றமில்லை. ஏற்கெனவே சிவந்து அரிக்கும் இடத்துக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பை அஞ்சித் தவிர்ப்பதும் சரியன்று. குழந்தையின் உணவிலிருந்து கொழுப்பைக் குறைப்பதால் எக்ஸிமா குணமாகாது, வளரும் பிள்ளைக்கு அது தீங்கும் ஆகலாம்.

எந்தப் பூச்சை வாங்குவது என்பதே பெற்றோர் அடுத்துக் கேட்பது. செராமைடு சேர்த்தவை மருந்துக்கடை அலமாரியில் விலை கூடியவையாகவும் இருக்கின்றன. பிரிட்டனில் 550 குழந்தைகளிடம் லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் ஆகிய நான்கு வகைகளையும் ஒப்பிட்டு 2022இல் வெளியான சோதனையில், எக்ஸிமாவைக் கட்டுப்படுத்துவதில் அவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிசுபிசுக்கும் கெட்டியான ஆயின்ட்மென்டைச் சிங்கப்பூரின் நண்பகல் புழுக்கத்தில் பூசினால், பள்ளி முடிந்து பேருந்தில் வருவதற்குள் பிள்ளை அதைத் துடைத்தெறிந்திருக்கும். ஆகையால் பகலில் இலேசான லோஷனையும், குளிரூட்டிய அறையில் உறங்கும் இரவில் கெட்டியானதையும் குளித்த உடனே பூசிவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். விலையைவிட, பிள்ளை மறுக்காமல் பூசிக்கொள்கிறதா என்பதைப் பார்த்து வாங்கினால் போதும்.